நாவில் வாழ்ந்த பள்ளி

பள்ளி என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பவை எவை? வகுப்பறை, கரும்பலகை, புத்தகப் பை, காலை மணியோசை. இவற்றுள் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பள்ளி நடக்க முடியுமா? நடந்தது. ஸ்காட்லாந்து நாட்டின் வடமேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலின் அலைகள் ஓயாது மோதும் ஸ்கை என்னும் தீவில், அப்படி ஓர் இசைப் பள்ளி இருந்தது. பேக்பைப் என்னும் வாத்தியம் அங்கே கற்பிக்கப்பட்டது. அப்பள்ளியில் புத்தகம் கிடையாது. எழுதிப் படிக்கும் வழக்கமும் கிடையாது. பாடங்கள் யாவும் ஆசிரியரின் நாவிலிருந்து புறப்பட்டு மாணவரின் செவிக்குச் சென்றன.

இன்று அத்தீவின் போரரெய்க் என்னும் சிற்றூருக்குச் செல்வோர் பள்ளிக்கூடம் எதையும் காண முடியாது. புல் மூடிய மேட்டின்மேல் கற்களை அடுக்கிக் கட்டிய ஒரு நினைவுச் சின்னம் மட்டுமே நிற்கிறது. 1933-ஆம் ஆண்டில் அது எழுப்பப்பட்டது. பள்ளி மறைந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் அங்கே பிறந்த இசை மறையவில்லை. கிளாஸ்கோ நகரில் இன்றும் ஒரு சிறுமி ஆசிரியர் முன் அமர்ந்து அதே இசையைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். இடையில் நிகழ்ந்தது என்ன? ஏறக்குறைய அணைந்துபோன விளக்கை அடுத்தவர் கையில் ஏற்றிக் கொடுத்தவர்கள் யார்? இவற்றையே இக்கட்டுரையில் நாம் காணப் போகிறோம்.

பையும் குழலும்

முதலில் வாத்தியத்தைப் பற்றி அறிந்துகொள்வோம். பெயரே சொல்வதுபோல, இது ஒரு பையும் சில குழல்களும் சேர்ந்த கருவி. பையை இசைப்பவர் இடது கை அக்குளின் கீழ் அணைத்துக்கொள்கிறார். ஊதுகுழல் ஒன்றின் வழியாகத் தம் மூச்சைப் பைக்குள் செலுத்துகிறார். அவர் மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் ஊதுவது நின்றுவிடும் அல்லவா? அப்போது இடது கை பையை அழுத்தும். அதனால் காற்று ஒரே அளவாக வெளிவந்துகொண்டே இருக்கும். வாயும் கையும் மாறி மாறி, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பி வேலை செய்யவேண்டும். கற்பவருக்கு முதல் தடுமாற்றம் இங்கேதான்.

பையிலிருந்து தோளின்மேல் நிமிர்ந்து நிற்பவை மூன்று சுருதிக் குழல்கள். நம் நாகசுரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் செய்கின்ற பணியை இவை செய்கின்றன. இரண்டு சிறு குழல்கள் ஆதார சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழும், ஒரு பெரிய குழல் இரண்டு ஸ்தாயி கீழும் இடைவிடாது முழங்கும். விரல்களால் இசைக்கும் குழலுக்குச் சாண்ட்டர் என்று பெயர். அதில் இரட்டை நாணல் சீவாளி இருக்கும். சுருதிக் குழல்களில் இருப்பது ஒற்றை நாணல். குழல்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடையப்படுகின்றன. பை ஆட்டுத்தோலால் ஆனது. காற்று கசியாமல் இருக்கத் தேன் அல்லது வெல்லப்பாகு கலந்த கலவையை உள்ளே ஊற்றிப் பதப்படுத்துவார்கள். இக்காலத்தில் செயற்கைப் பொருளால் ஆன பைகளும் வழக்கத்தில் உள்ளன.

சாண்ட்டரில் எழுவன ஒன்பது சுரங்களே. அவற்றை உரக்கவோ மெதுவாகவோ ஒலிக்கச் செய்ய இயலாது. ஒலியின் அளவு எப்போதும் ஒன்றுதான். நடுவே நிறுத்தி மௌனம் காட்டவும் முடியாது. பையில் காற்று உள்ளவரை குழல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அப்படியானால் ஒரே சுரத்தை இருமுறை இசைப்பது எவ்வாறு? இரண்டுக்கும் நடுவே வேறொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் விரலால் தொட்டு விலகவேண்டும். இத்தகைய நுண்ணிய விரலசைவுகளே இவ்விசையின் உயிர். வல்லவர் கையில் அவை முத்துக் கோத்ததுபோல் ஒளிவிடும். பழகாத கையில் வெறும் இரைச்சலாகிவிடும்.

ஆகவே, தொடக்க மாணவர் எவரும் முதல் நாளே பையைத் தொடுவதில்லை. பையும் சுருதிக் குழலும் இல்லாத பயிற்சிக் குழல் ஒன்றை மேசையருகே அமர்ந்து மெல்ல ஊதிப் பல மாதங்கள் விரல்களைப் பழக்குவார்கள். பொறுமையே இக்கல்வியின் அரிச்சுவடி.

பேரிசையும் சிற்றிசையும்

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள் பேசிய கேலிக் மொழியில் இவ்விசையை இரண்டாகப் பிரிப்பார்கள். அணிவகுப்புக்கும் நடனத்திற்கும் உரிய மெட்டுகள் சிற்றிசை. மற்றொன்று பேரிசை. இதனைப் பீப்ராக் என்றும் அழைப்பார்கள். இரங்கல், வாழ்த்து, போருக்கு அழைப்பு ஆகியவற்றுக்காக இயற்றப்பட்ட நெடிய உருப்படிகள் இவை. முதலில் ஒரு மெட்டு மெதுவாக வரும். அதற்கு ஊர்லர் என்று பெயர். தரை என்பது பொருள். வீட்டுக்குத் தரைபோல் இசைக்கு இது அடித்தளம். அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக, மேலும் மேலும் சிக்கலான விரலசைவுகளுடன் மாற்றங்கள் எழும். இறுதியில் தொடக்கத்து மெட்டுக்கே இசை திரும்பி வந்து அடங்கும். ஓர் உருப்படி பத்து நிமிடத்தையும் தாண்டலாம். அத்தனையையும் இசைப்பவர் மனப்பாடமாகவே வாசிக்கவேண்டும்.

இந்தப் பேரிசையின் தாயகமாகப் போற்றப்பட்டதே போரரெய்க் பள்ளி.

மாக்ரிம்மன் குடும்பம்

ஸ்கை தீவில் மக்லௌட் என்னும் குலத் தலைவர்கள் டன்வேகன் கோட்டையிலிருந்து ஆண்டுவந்தார்கள். அவர்களுக்குப் பரம்பரை இசைவாணர்களாக விளங்கியவர்கள் மாக்ரிம்மன் குடும்பத்தினர். கோட்டைக்கு எதிரே, கடற்கழிக்கு அப்பால் உள்ள போரரெய்க் நிலம் இசைப்பணிக்கு ஈடாக வாடகையின்றி அவர்களுக்கு விடப்பட்டிருந்தது. தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் இசைத்தார்கள். அதனோடு நில்லாமல் கற்பிக்கவும் செய்தார்கள். பிற குலத் தலைவர்களும் தம் இசைவாணர்களை அங்கே அனுப்பி வைத்தார்கள். படிப்பு முடிய ஏழு ஆண்டுகள் ஆகும் என்பது அங்கு வழங்கிவரும் மரபு.

புத்தகமின்றிக் கற்பித்தது எப்படி? அவர்கள் சுரங்களையும் விரலசைவுகளையும் அசைச் சொற்களாக்கி வாயால் பாடினார்கள். இந்த முறைக்குக் கான்ட்டரக் என்று பெயர். உயிரொலிகள் பெரும்பாலும் மெட்டின் சுரங்களைக் குறிக்கும். மெய்யொலிகள் விரலசைவுகளைக் குறிக்கும். நம் நாட்டில் மிருதங்கம் கற்பவர் முதலில் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுகிறார் அல்லவா? அதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஆசிரியர் பாடுவார், மாணவர் திருப்பிப் பாடுவார், பிழையின்றிப் பாடிய பிறகே குழலைக் கையில் எடுப்பார். எந்த அசையை நீட்டவேண்டும், எங்கே சற்றுத் தயங்கவேண்டும் என்பதெல்லாம் அந்தக் குரலில் அடங்கியிருந்தது. இந்த வாய்ப்பாட்டை மாக்ரிம்மன் வீட்டுப் பெண்கள் சிலரும் நன்கு அறிந்திருந்தார்கள் என்று ஊர்வழக்கு கூறுகிறது. குழல் ஆண்களின் கையில் இருந்தது. பாடமோ பெண்களின் நாவிலும் இருந்தது.

அக்குடும்பத்தில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாட்ரிக் மோர் மாக்ரிம்மனைப் பற்றி ஒரு துயரக் கதை வழங்குகிறது. அவருக்கு எட்டுப் புதல்வர்கள். ஒரே ஆண்டுக்குள் அவர்களுள் எழுவரைப் பெரியம்மை கொண்டுபோயிற்று. அந்தத் தந்தை வாய்விட்டு அழுததைக் காட்டிலும் குழல்விட்டு அழுதார் எனலாம். 'குழந்தைகளுக்கு இரங்கல்' என்று பெயர்பெற்ற அவ்வுருப்படி, பேரிசையின் சிகரங்களுள் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. எழுத்தில் இல்லாத ஒரு தந்தையின் துயரம் நாவிலும் செவியிலும் மட்டுமே தங்கி நூற்றாண்டுகளைக் கடந்து வந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

பள்ளி மூடிய கதை

1745-ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் அரச மரபினரை மீண்டும் அரியணையில் அமர்த்த ஸ்காட்லாந்தில் ஒரு கிளர்ச்சி எழுந்தது. மக்லௌட் தலைவர் அரசாங்கத்தின் பக்கம் நின்றார். அவருடைய இசைவாணரான டொனால்ட் பான் மாக்ரிம்மன் அவ்வாண்டு டிசம்பரில் இன்வெரூரி என்னுமிடத்தில் கிளர்ச்சிப் படையிடம் சிறைப்பட்டார். மறுநாள் காலையில் அப்படையின் இசைவாணர்கள் எவரும் குழலைத் தொடவில்லையாம். ஏன் என்று கேட்டபோது, தங்கள் கலையின் பேராசான் கட்டுண்டிருக்கும்போது தாங்கள் இசைப்பதில்லை என்றார்களாம். அதன் பின்னரே அவர் விடுவிக்கப்பட்டார் என்று மரபு கூறுகிறது. பகைவர் படையிலும் ஆசிரியருக்கு இருந்த மதிப்பைப் பாருங்கள்! ஆனால் அந்த விடுதலை நெடுநாள் நீடிக்கவில்லை. 1746-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மோய் என்னுமிடத்தில் நிகழ்ந்த இரவுநேரக் கைகலப்பில் அவர் உயிரிழந்தார்.

கிளர்ச்சி 1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில் முறியடிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஜேம்ஸ் ரீட் என்னும் இசைவாணர் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். தாம் வாளேந்தவில்லை, குழல் மட்டுமே ஊதியதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. பேக்பைப்பும் போர்க்கருவியே என்று கருதிய நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

பின்னர் வந்த சட்டம் பேக்பைப்பையே தடைசெய்தது என்று பலரும் எழுதுவதுண்டு. அது சரியன்று. ஆயுதங்களையும் மலைநாட்டு உடையையும் தடைசெய்த அச்சட்டத்தில் பேக்பைப் பற்றிய பேச்சே இல்லை. உண்மையில் பள்ளியை முடக்கியது வேறொன்று. போருக்குப் பின் குலத் தலைவர்களின் பழைய அதிகாரம் போயிற்று. அவர்கள் மெல்ல மெல்ல நிலவுடைமையாளர்களாக மாறினார்கள். வீட்டில் இசைவாணர் இருப்பதைவிட நிலத்திலிருந்து வாடகை வருவது அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. வாடகையின்றிக் கிடைத்த போரரெய்க் நிலத்திற்கும் அந்த நிலை வந்தது. வாளால் அழியாத பள்ளி வாடகைக் கணக்கால் அழிந்தது.

1773-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் சாமுவேல் ஜான்சன் இத்தீவுகளுக்குப் பயணம் செய்தார். ஸ்கை தீவில் மாக்ரிம்மன் நடத்தும் இசைக் கல்லூரி இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்ற கருத்தைத் தம் பயண நூலில் குறித்து வைத்தார். அணையப் போகும் விளக்கைப் பார்த்தவர் எழுதிய குறிப்பு அது. அவர் சென்ற சில ஆண்டுகளுக்குள் பள்ளி நின்றுபோயிற்று. பரம்பரை இசைவாணர்களின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த டொனால்ட் ருவா மாக்ரிம்மன் 1825-ஆம் ஆண்டில் காலமானார்.

ஏட்டில் ஏறிய இசை

ஒரே குடும்பத்தின் நாவில் மட்டும் இருந்த செல்வம் அக்குடும்பத்தோடு மண்ணுக்குள் போயிருக்கவேண்டும். அவ்வாறு போகாமல் காத்தவர்கள் சிலர். அவர்களுள் ஒருவருக்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு.

ஜோசப் மக்டொனால்ட் என்பவர் வட ஸ்காட்லாந்தில் ஒரு மதகுருவின் மகனாக 1739-ஆம் ஆண்டில் பிறந்தார். 1760-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணிக்காக இந்தியாவுக்குக் கப்பலேறினார். தாய்நாட்டு இசை மறந்துபோகக்கூடாதே என்ற தவிப்புடன் அந்த ஆண்டு வாக்கில் அவர் ஒரு நூல் எழுதினார். பேக்பைப் இசையின் இலக்கணத்தை விளக்கி எழுதப்பட்ட முதல் நூல் அதுவே. சில ஆண்டுகளுக்குள், இளம் வயதிலேயே, வங்காளத்தில் அவர் இறந்துபோனார். கையெழுத்துப் பிரதியும் அவரோடு மறைந்திருக்கும். நல்வினையாக, சர் ஜான் மக்கிரெகர் மரே என்னும் ஸ்காட்லாந்து அதிகாரியின் கையில் அது கிடைத்தது. அவர் அதை 1784-ஆம் ஆண்டில் குடும்பத்தாரிடம் சேர்ப்பித்தார். ஜோசப்பின் அண்ணன் 1803-ஆம் ஆண்டில் அதனை அச்சிட்டார். ஒரு வாலிபனின் தவிப்பு கங்கைக் கரைவரை வந்து, மீண்டும் கடல் கடந்து, நூலாக மலர்ந்தது.

1781-ஆம் ஆண்டில் லண்டன் ஹைலண்ட் சங்கத்தார் பால்கெர்க் நகரின் மாட்டுச் சந்தையின்போது முதல் பேரிசைப் போட்டியை நடத்தினார்கள். தலைவரின் கோட்டையில் ஒலித்த இசை இப்போது பரிசுக்காகப் பொதுமக்கள் முன் ஒலிக்கலாயிற்று. 1797-ஆம் ஆண்டில் காலின் கேம்பெல் என்பவர் வாய்ப்பாட்டு அசைகளையே எழுத்தில் வடித்து 160-க்கும் மேற்பட்ட உருப்படிகளைத் தொகுத்தார்.

இந்த வரிசையில் நம் மனத்தைத் தொடுபவர் ஜான் மக்கே. ஸ்கை தீவுக்கு அருகிலுள்ள ராசே தீவில் அநாதையாக வளர்ந்து மாடு மேய்த்த சிறுவன் அவன். பெரியவர் ஒருவர் வேறொரு மாணவனுக்குப் பாடம் சொல்வதை ஒளிந்திருந்து கேட்டே இச்சிறுவன் இசையைக் கற்றுக்கொண்டான் என்பார்கள். அவன் திறமையைக் கண்ட அந்தப் பெரியவர் அவனைச் சினந்து விரட்டவில்லை. தாமே கற்பித்து, பிறகு மாக்ரிம்மன்களிடமும் அனுப்பி வைத்தார். அந்தச் சிறுவன் வளர்ந்து தன் மக்களுக்கும் மற்றவர்களுக்கும் ஆசிரியனானான். அவருடைய மகன் ஆங்கஸ் மக்கே 61 பேரிசை உருப்படிகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் எழுதி 1838-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1843-ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியாரின் முதல் இசைவாணராக அமர்த்தப்பட்டார். பரம்பரை உரிமை ஏதுமில்லாத ஒரு மாட்டுக்காரச் சிறுவனின் வழியாகவே பரம்பரைச் செல்வம் அடுத்த நூற்றாண்டுக்கு வந்து சேர்ந்தது!

ஆனால் ஏட்டில் ஒரு குறை இருந்தது. சுரங்களை எழுதலாம், எங்கே தயங்கவேண்டும், எதை நீட்டவேண்டும் என்பதைக் கோட்டில் அடக்குவது எளிதன்று. ஏட்டை மட்டும் நம்பி இசைத்தவரின் இசை மரக்கட்டைபோல் நின்றது. எனவே பாடிக் காட்டும் ஆசிரியர் தொடர்ந்து தேவைப்பட்டார். 1903-ஆம் ஆண்டில் பேரிசையைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. அதன் முயற்சியால் 1910-ஆம் ஆண்டில் படை இசைவாணர்களுக்கென வகுப்பு ஒன்று தொடங்கியது. இன்வெர்னஸ் நகரத்து ஜான் மக்டொனால்ட் அதன் ஆசிரியர். அந்த வகுப்பே வளர்ந்து படையினரின் இசைப் பள்ளியாயிற்று. ஆயினும் அது சிப்பாய்களுக்கு உரிய பள்ளி. கடைக்காரரின் மகனோ, ஆலைத் தொழிலாளியின் மகளோ கற்க விரும்பினால் எங்கே போவது?

கிளாஸ்கோவில் திறந்த கதவு

1944-ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு ஜூன் 6-ஆம் நாள் பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கடற்கரையில் குண்டுகள் பொழிய, பில் மில்லின் என்னும் இளைஞர் கையில் ஆயுதமின்றிப் பேக்பைப் இசைத்தபடி கரையேறினார் என்பது உலகறிந்த செய்தி. அதே ஆண்டில், அத்தனை ஆரவாரமின்றி, கிளாஸ்கோ நகரில் மற்றொரு செயல் நிகழ்ந்தது. ஷேமஸ் மக்நீல், தாமஸ் பியர்ஸ்டன் என்னும் இரு இளைஞர்கள் சேர்ந்து 'காலேஜ் ஆப் பைப்பிங்' என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். கற்க வருவோர் எவராயினும் கற்கலாம் என்பதே அவர்களது கொள்கை. குலம் கேட்கவில்லை, படைப்பிரிவு கேட்கவில்லை.

மக்நீல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பௌதிக விரிவுரையாளர். பகலில் விஞ்ஞானம், மாலையில் குழல் என்று அவர் வாழ்க்கை சென்றது. 1950-களில் பேக்பைப்பின் சுரங்களை ஆய்வுக்கருவிகளால் அளந்தும் பார்த்தார். இப்பள்ளி 1948-ஆம் ஆண்டில் 'பைப்பிங் டைம்ஸ்' என்ற மாத இதழைத் தொடங்கியது. அது 2020-ஆம் ஆண்டுவரை அச்சில் வெளிவந்தது. 1953-ஆம் ஆண்டில் தொடக்க மாணவருக்கான பாடநூல் ஒன்று வெளியாயிற்று. பச்சை அட்டை போட்ட அச்சிறு நூல் பல பதிப்புகள் கண்டது. ஆசிரியரே இல்லாத தொலைதூர ஊர்களிலும் அதை மேசைமேல் விரித்துவைத்து, பயிற்சிக் குழலைக் கையில் பிடித்து முதல் சுரத்தை எழுப்பியவர்கள் ஏராளம். பள்ளியின் ஆசிரியர்கள் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளுக்கும் கோடை விடுமுறையில் சென்று வகுப்பு நடத்தினார்கள். கிளாஸ்கோவின் ஒட்டாகோ தெருவில் நெடுங்காலம் இருந்த அப்பள்ளியின் வாசலை மிதித்துச் சென்றவர்கள் உலகெங்கும் ஆசிரியர்களானார்கள்.

ஒரு காலத்தில் ஏழு ஆண்டுகள் தீவிலே தங்கியிருந்து பெறவேண்டிய அறிவு, இப்போது அலுவலகம் முடிந்து டிராம் வண்டி ஏறிச் சென்று மாலை வகுப்பில் பெறும் அறிவாயிற்று. உழைப்பு மட்டும் குறையவில்லை. பயிற்சிக் குழல், மாதக்கணக்கான விரற்பயிற்சி, பிறகே பை என்ற வரிசை இன்றும் மாறவில்லை.

பெண்களுக்குத் திறந்த கதவு

மாணவியராகிய உங்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும்: இக்கதையில் பெண்கள் எங்கே?

நெடுங்காலம் இந்த வாத்தியம் ஆண்களுக்கே உரியது என்று கருதப்பட்டது. பெண்களின் நெஞ்சுரம் இதற்குப் போதாது என்று சொல்லியவர்களும் உண்டு. அவர்களுக்கு விடை தந்தது இங்கிலாந்தின் டாகன்ஹாம் என்னும் ஊர். 1930-ஆம் ஆண்டில் அங்கே ஜோசப் வாடிங்டன் கிரேவ்ஸ் என்னும் மதகுரு, தம் ஞாயிறு பள்ளிக்கு வந்த 12 சிறுமியரைத் தேர்ந்தெடுத்து, ஸ்காட்லாந்து ஆசிரியர் ஒருவரைக் கொண்டு பேக்பைப் கற்பித்தார். அச்சிறுமியர் ஏறத்தாழ உங்கள் வயதினரே. 1932-ஆம் ஆண்டில் அவர்கள் முதன்முதலாகப் பொதுமேடை ஏறினார்கள். பின்னர் பல நாடுகளுக்குச் சென்று புகழ்பெற்றார்கள். உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்கு உற்சாகமூட்டி இசைத்தார்கள்.

எனினும் ஸ்காட்லாந்தின் தலைசிறந்த பேரிசைப் போட்டிகளின் கதவு 1970-களின் நடுப்பகுதிவரை பெண்களுக்கு மூடியே இருந்தது. ஆணும் பெண்ணும் சமமாக நடத்தப்படவேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 1975-ஆம் ஆண்டில் வந்த பிறகே அது திறந்தது. கதவு திறந்தவுடன் கனி கையில் விழுந்துவிடவில்லை. மேலும் ஒரு தலைமுறை உழைத்தது. 2010-ஆம் ஆண்டில் ஓபன் நகரில் நடந்த போட்டியில் பே ஹெண்டர்சன் என்னும் இளம்பெண் பேரிசைக்கான தங்கப் பதக்கத்தை வென்றார். அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் பெண் அவரே. அவருடைய தாயாரும் பேரிசை வல்லவர் என்பது நாம் மகிழ்ந்து நினைக்கத்தக்கது. அன்று மாக்ரிம்மன் வீட்டுப் பெண்களின் நாவோடு நின்றுபோன இசை, இன்று அவர்களின் பேத்தியர் கையில் பதக்கமாகவும் மின்னுகிறது.

இன்றைய நிலை

1996-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரின் நடுவே பழைய தேவாலயக் கட்டிடம் ஒன்றைப் புதுப்பித்துத் தேசிய பைப்பிங் மையம் திறக்கப்பட்டது. வகுப்பறைகள், இசையரங்கம், பழைய வாத்தியங்களின் காட்சிசாலை ஆகியவை அங்கே உள்ளன. அந்த மையத்தின் துணையோடு கிளாஸ்கோ இசைக் கல்லூரியில் பேக்பைப் இசை பட்டப்படிப்புப் பாடமாயிற்று. ஷேமஸ் மக்நீல் காலமானதும் அதே 1996-ஆம் ஆண்டில்தான். 2018-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய காலேஜ் ஆப் பைப்பிங் தேசிய மையத்துடன் இணைந்தது. இரு பள்ளிகள் ஒரு பள்ளியாயின. இப்போது கணினித் திரையின் வழியாகவும் கடல் கடந்த மாணவர்களுக்குப் பாடம் நடக்கிறது.

அன்பு மாணவியரே! இக்கதையை முடிக்குமுன் ஒன்றை மட்டும் உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். போரரெய்க் பள்ளி அறிவில் குறைந்ததால் அழியவில்லை. அவ்வறிவு ஒரே குடும்பத்தின் முற்றத்தில், ஒரே தலைவரின் தயவில் இருந்தது. தயவு போனதும் பள்ளியும் போயிற்று. அந்த இசை பிழைத்ததற்குக் காரணம், ஒளிந்து கேட்ட மாட்டுக்காரச் சிறுவனை விரட்டாத ஒரு பெரியவர். கப்பலேறியும் தாய்நாட்டு இசையை மறவாத ஒரு வாலிபர். மாலை வேளையில் எல்லோருக்கும் கதவைத் திறந்துவைத்த இரு இளைஞர்கள். கற்றதைப் பூட்டி வைத்தவர்களால் அது வாழவில்லை, பகிர்ந்தவர்களால் வாழ்ந்தது.

நம் வகுப்பிலும் கணக்கு நன்கு அறிந்த மாணவி ஒருத்தி இருப்பாள். அது புரியாமல் கடைசி வரிசையில் தயங்கியிருக்கும் மாணவியும் இருப்பாள். இருவருக்கும் நடுவே இருப்பது இரண்டு மூன்று பெஞ்சுகளே. நம் பாட்டியின் நாவிலுள்ள தாலாட்டும் விடுகதையும் கைவைத்தியமும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ள நமக்கு எத்தனை மாலைப்பொழுது எஞ்சியிருக்கிறதோ!

அனைத்தும் மாறியும் மாறாத ஒன்று அந்தக் கிளாஸ்கோ வகுப்பறையில் இன்றும் நிகழ்கிறது. மேசைமேல் அச்சிட்ட இசைநூல் இருக்கும். மாணவி அதைப் பார்த்து ஊதுவாள், சரியாக வராது. ஆசிரியர் நூலை ஒதுக்கிவிட்டு அந்த அடியை வாயால் பாடிக் காட்டுவார். அவள் திருப்பிப் பாடுவாள். பிறகு குழலை எடுப்பாள். அந்த ஒரு கணத்தில், புல் மூடிய போரரெய்க் மேட்டின்மேல் பழைய பள்ளி மீண்டும் திறக்கிறது.